சைக்கிள் கடை நாகையாவின் இரண்டாவது அடுப்பு

ரயில் கேட் திறந்துதான் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை புகையும் இல்லை, ஊதல் சத்தமும் இல்லை. ஆனாலும் நாகையா சைக்கிளை விட்டு இறங்கி, வலப்பக்கம் பார்க்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார், சந்தேகத்துக்கு மறுபடியும் வலப்பக்கம் பார்க்கிறார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் பொறுமை இழந்து, "ரயிலு ஈப்போவுல இருக்கு அண்ணே, போங்க லா!" என்று கத்துகிறார். நாகையா திரும்பி, "போர்டுல நின்னு பாத்துப் போவச் சொல்லி எழுதியிருக்கு தம்பி. எழுதுனவன் சும்மாவா எழுதுவான்?" என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தண்டவாளத்தைக் கடக்கிறார். மாட்டுக்கே கொட்டாவி வந்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்; பின்கட்டில் வீடு. வயது நாற்பத்தேழு. காக்கி அரைக்கால் சட்டை, கை வைத்த பனியன், காதோரம் செருகிய பென்சில். பஞ்சர் ஒட்டுவதிலும் சக்கரத்தின் கோட்டம் எடுப்பதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது தொழில் அல்ல. கோலாலம்பூரிலேயே சட்டத்துக்கு மிகவும் அடங்கி நடக்கிற மனிதர் அவர்தான் என்பது எங்கள் தெருவின் தீர்மானமான கருத்து.

சூரியன் மறைய இன்னும் அரை மணி இருக்கும்போதே சைக்கிள் விளக்கை ஏற்றிவிடுவார். கடையின் சுவரில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் லைசென்ஸ்கள் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன. இரண்டுக்கும் சேர்த்தே ஊதுபத்தி காட்டுகிறார். கொசுப்புழு தேடி சானிட்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடி எல்லாவற்றையும் கவிழ்த்துவிட்டு, குடிக்கிற தண்ணீர்ப் பானையையும் கவிழ்த்துவிட்டு, தாகத்தோடு வாசலில் நிற்பார். ஒருமுறை கடை வாசலில் படுத்திருந்த தெருநாய்க்கு லைசென்ஸ் எடுத்தார். "ஏன் அண்ணே, அது உங்க நாயா?" என்று கேட்டேன். "என் நாய் இல்ல வாத்தியாரே. ஆனா என் வாசல்ல படுத்திருக்கே. யாராவது கேட்டா?" என்றார். அந்த நாய் மறுவாரமே கழுத்தில் தகட்டோடு சீனன் கோப்பிக்கடைக்குக் குடிபோய்விட்டது.

இந்த "யாராவது கேட்டா?"வைத்தான் அவர் ஒரு நாளில் இருபது தடவையாவது சொல்கிறார்.

போலீஸ்காரர்கள், எங்கள் வழக்கில் மாத்தாக்கள், அவருடைய நல்ல வாடிக்கைக்காரர்கள். மாத்தா ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் நாகையாவின் கை நடுங்கத் தொடங்கிவிடும். நடுக்கத்தை மறைக்க ஒவ்வொரு நட்டையும் மூன்று முறை முடுக்குவார். அதனால் ஸ்டேஷனில் இருக்கிற சைக்கிள்கள் எதுவுமே கழல்வதில்லை. மற்ற கடைகளை விட்டு அவர்கள் இவரிடமே வருவதற்குக் காரணம் அந்த நடுக்கம்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

நான் அவருக்கு அடுத்த வீட்டுக்காரன், தமிழ்ப் பள்ளி வாத்தியார். எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர் மட்டுமே. ஆள் பெயரெல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன். யார் என்று கண்டுபிடிக்கப் புறப்படுகிறவர்கள் பிரிக்பீல்ட்ஸில் உள்ள சைக்கிள் கடைகளையெல்லாம் சுற்றிக் கால் வலித்துத் திரும்பட்டும்.

அந்தப் பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொருவரும் இருக்கிறார். அவர் பெயர் சபாபதி. செந்தூல் ரயில்வே பட்டறையில் ரயில் பெட்டிகளுக்கு வர்ணம் பூசுகிறவர். தலைமுடியில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். நாகையா பயந்த அளவுக்கு இவர் பயம் அறியாதவர். குளிக்கும்போது பாடுவார், சமைக்கும் நாகையாவைச் சீண்டுவார், ஈயைத் துரத்தும்போதும் சிரிப்பார். இருவரும் பதினாறு வருடமாக ஒருவரையொருவர் நேசித்து ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. என் மனைவி வள்ளியம்மாவுக்கு ஒரு வாரம்தான் பிடித்தது. "அவங்க ரெண்டு பேரும் ஒரு குடும்பம்ங்க. இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கொழுக்கட்டையை இரண்டு பேருக்கு ஆகிற மாதிரி எடுத்துவைத்தாள்.

தெருவில் மட்டும் அவர்கள் வேறு ஆட்கள். நாகையா அவரை "மிஸ்டர் சபாபதி" என்றுதான் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை லேக் கார்டனுக்கு உலாவப் போனால் நாகையா பத்தடி முன்னால், சபாபதி பத்தடி பின்னால். திரும்பிப் பார்க்காமலே பேசிக்கொள்வார்கள். எதிரே வருகிறவர்களுக்கு, ஒரு மனிதர் தனியாகப் புலம்பிக்கொண்டு போகிறார், பின்னால் இன்னொருவரும் புலம்பிக்கொண்டு வருகிறார் என்று தோன்றும். படக்கொட்டகையில் தனித்தனியாக டிக்கெட் வாங்கி, ஒருவர் ஒரு வரிசையிலும் மற்றவர் அதற்கு நேர் பின் வரிசையிலும் உட்காருவார்கள். ஊமைப் படம் என்பதால் திரையில் வரும் இங்கிலீஷ் எழுத்தைச் சபாபதி பின்னாலிருந்து படித்து நாகையாவின் காதுக்குள் தமிழில் சொல்வார். பாதி சொந்தச் சரக்கு. போன வருடம் ஒரு சோகப் படத்துக்குப் போய் நாகையா வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு வந்தார்.

இத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் தண்டனைச் சட்டத்தில் இருக்கிற ஒரே ஒரு பிரிவு. ஆணும் ஆணும் இப்படி வாழ்ந்தால் வருடக்கணக்கில் சிறை. வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதியதை அப்படியே கப்பலில் ஏற்றி இங்கேயும் இறக்கிவிட்டான். அந்தப் பிரிவு நாகையாவை ஒருநாளும் தொட்டதில்லை. ஆனால் அது அவருக்குள்ளேயே குடியிருக்கிறது, வாடகை கொடுக்காமல்.

ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோது அவரே சொன்னார். இளவயதில் கிள்ளானில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தார். கூட வேலை செய்த இராமலிங்கம் என்பவரையும் இன்னொருவரையும் யாரோ மொட்டைக்கடிதம் எழுதிப் போட்டதால், அதே பிரிவில் மாத்தா வந்து பிடித்துப்போனார்கள். விலங்கு மாட்டி பாசார்க் கடைத்தெரு வழியாக நடத்திக்கொண்டு போனபோது நாகையா வாசலில் நின்றிருந்தார். "என்னைய நல்லா தெரியும் வாத்தியாரே அவருக்கு. ஒரே தட்டுல சாப்பிட்டிருக்கோம். ஆனா தெரியாதவன் மாதிரி மொகத்தத் திருப்பிக்கிட்டாரு. என்னையும் சேத்துப் பிடிச்சிருவாங்கன்னு. நானும் திருப்பிக்கிட்டேன்." சொல்லிவிட்டு வெகுநேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே கிள்ளானை விட்டுக் கிளம்பியவர், இன்றுவரை அந்தப் பக்கம் ரயில் ஏறியதில்லை.

அன்றிலிருந்துதான் மற்றச் சட்டம் அத்தனைக்கும் இப்படி அடங்கி நடக்கிறார் என்று நினைக்கிறேன். மீறாமல் இருக்க முடியாத ஒன்றுக்காக, மீற முடிந்த அத்தனைக்கும் தலை வணங்குகிறார். 

இப்படிப்பட்டவருக்கு இந்த வருடம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில், சென்சஸ் வந்தது. வாத்தியார்களைப் பிடித்துக் கணக்கெடுக்கச் சொன்னார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பித்தளை வில்லையும், ஒரு தடித்த புத்தகமும் கிடைத்தன. முதல் சுற்றில் பென்சிலால் எழுதவேண்டும். ஏப்ரல் முதல் தேதிக் கணக்கைச் சரிபார்த்து, அதன்மேல் மையால் எழுதவேண்டும்.

மார்ச் நடுவில் வில்லையோடு கடைக்குள் நுழைந்தேன். தினமும் பார்க்கிற என்னைப் பார்த்து நாகையா எழுந்து நின்றுவிட்டார்.

"குடும்பத் தலைவர் யாருண்ணே?"

"நாந்தான். கடை என் பேர்ல, லைசென்ஸ் என் பேர்ல."

"வீட்டுல வேற யாரு?"

கையிலிருந்த ஸ்பானரை மெதுவாகக் கீழே வைத்தார். "மிஸ்டர் சபாபதி."

"அவர் உங்களுக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்குண்ணே. இந்தக் கட்டத்துல எழுதணும்."

அவர் நெற்றியில் வேர்வை அரும்பியது. "பொய் சொன்னா என்ன ஆவும் வாத்தியாரே?"

"அபராதம்."

"உண்மையச் சொன்னா?"

நான் புத்தகத்தை மூடினேன். எதையும் எண்ணிப் பார்க்காமல் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தொலைத்தோமே என்று வெட்கமாக இருந்தது.

பிறகு சபாபதியையும் சேர்த்து மூன்று பேருமாக உட்கார்ந்து யோசித்தோம். அண்ணன் தம்பி என்று எழுதலாம் என்றேன். தாம் இராமநாதபுரம், சபாபதி தஞ்சாவூர், அப்பா பெயர் வேறு, யாராவது கேட்டா என்று நாகையா மறுத்தார். வாடகைக்கு இருப்பவர் என்று போடலாம் என்றேன். ஆள் தங்கவைக்க லைசென்ஸ் வேண்டும், அது தம்மிடம் இல்லை என்றார் நாகையா. வேலையாள் என்று போட்டுவிடலாமா என்று நான் வாய் திறந்ததும் சபாபதி குறுக்கே விழுந்தார்: "வேலக்காரனா? பதினாறு வருஷ சம்பளத்த எடுத்து வைக்கச் சொல்லுங்க லா, நான் அம்பாங்குல பங்களா வாங்கணும்!" நண்பர் என்ற சொல் என் புத்தகத்தில் கொடுத்திருந்த பட்டியலிலேயே இல்லை.

அப்போதுதான் நான் புத்திசாலித்தனமாக ஒன்றைச் சொன்னேன். விதிமுறையில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று இருக்கிறது. "ரெண்டு அடுப்புன்னு எழுதிட்டா ரெண்டு குடும்பம், ரெண்டு தலைவர். உறவுங்கிற கேள்வியே வராதுண்ணே." சும்மா எழுதிவிடலாம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். நாகையாவை அத்தனை வருடம் பார்த்தும் அவரைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தது என் தப்பு. அன்று சாயங்காலமே அவர் பாசாருக்குப் போய், சைக்கிள் கேரியரில் புதுக் கரியடுப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். அரசாங்கப் புத்தகத்தில் இரண்டு என்று இருந்தால் வீட்டிலும் இரண்டு இருக்கவேண்டும்.

கொல்லைப்புறத்தில் ஆளுக்கொரு மூலை ஆயிற்று. ஆளுக்கொரு உப்பு ஜாடி, ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு அகப்பை. சபாபதிக்கு முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. "வாங்க வாத்தியாரே, இது வேற கவர்மெண்டு. இங்க வரி கிடையாது" என்று தன் மூலைக்கு என்னைக் கூப்பிட்டார். முதல் நாள் சோறு தீய்ந்தது. இரண்டாம் நாள் குழைந்தது. மூன்றாம் நாள் அது சோறா கஞ்சியா என்று எங்கள் தெருவில் யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. மனம் பொறுக்காமல் வள்ளியம்மா ஒரு பாத்திரத்தில் சாம்பார் கொண்டுபோனாள். நாகையா கதவை மறித்துக்கொண்டு, "தங்கச்சி, கோவிச்சுக்காதே. ரெண்டு கிண்ணத்துல குடு. இப்ப இது ரெண்டு வீடு" என்றார். வள்ளியம்மா திரும்பி வந்து, "உங்க சென்சஸ்ல இடி விழ" என்று என்னைத் திட்டினாள்.

நாகையாவின் பாடு இன்னும் மோசம். பதினாறு வருடம் இரண்டு பேருக்கு உலை வைத்த கைக்கு ஒரு பிடி அரிசி போடத் தெரியவில்லை. தினமும் பாதிச் சோறு மிஞ்சியது. எதிர் மூலையில் தீய்ந்த கருவாட்டைக் கடித்துக்கொண்டிருப்பவருக்கு அதைக் கொடுக்க மனம் தவித்தது. ஆனால் கொடுக்கவில்லை. கொடுத்தால் ஒரே அடுப்பு ஆகிவிடுமே! மிஞ்சியதெல்லாம் கோழிகளுக்குப் போயிற்று. கோழிகள் கொழுத்தன, இருவரும் இளைத்தார்கள்.

மாதம் முடிய மூன்று நாள் இருந்தபோது, விளக்கு வைக்கிற நேரத்தில், பலகைச் சுவர் வழியே அவர்கள் பேச்சு கேட்டது. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் அந்தப் பலகைக்கு அதெல்லாம் தெரியாது.

"நாகு, கணக்கு முடிஞ்சதும் இந்த அடுப்பத் தூக்கிப் போட்டுறலாம்ல?"

"எப்படிப் போடுறது? எழுதுனது எழுதுனபடி இருக்கணும். நடுவுல யாராவது வந்து பாத்தா?"

"அடுத்த கணக்கு எப்ப வரும்?"

"பத்து வருஷமாம்."

 பிறகு சபாபதி பேசினார். சிரிப்பு இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டேன். "ரோட்டுல பத்தடி தள்ளி நடன்ன, நடந்தேன். கொட்டாயில பின்னால உக்காருன்ன, உக்காந்தேன். அதெல்லாம் வெளிய. வீட்டுக்குள்ள வந்தா நான் ஒன்கூடத்தான இருந்தேன்? இப்ப அதுவும் இல்ல. வேற வீடுன்னு மைல எழுதுனா, அது வேற வீடாவே இருக்கட்டும் நாகு. செந்தூல்ல பட்டறை லைன்ல ரூம் ஒண்ணு காலியா இருக்கு. சொல்லி வச்சிட்டேன்."

  பலகையைத் தட்டி, நான் எழுதியதை அழித்துவிடுகிறேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அழித்தால் மறுபடி அந்த உறவுக் கட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். இரண்டு வீடு என்று எழுதினால் சபாபதி போய்விடுவார். ஒரு வீடு என்று எழுதினால் அவர்களைப் பற்றிய கேள்வி அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும். நான் எங்கே பேனாவை வைத்தாலும் அங்கே அவர்கள் கழுத்து இருந்தது.  

கடைசியில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்று யாரும் கேட்காதீர்கள். கணக்கெடுத்தவன் வெளியே சொல்லக்கூடாது என்று எனக்கும் ஒரு விதி உண்டு. விதி என்று வந்துவிட்டால் நானும் நாகையா கட்சிதான். ஏப்ரல் முதல் தேதி காலையில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மைக்கூடும் பேனாவுமாக ஆறரை மணிக்கு அவர்கள் கொல்லைப்பக்கம் போனேன். இரண்டு மூலையிலும் இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சபாபதி வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில், ஒரு மணைமேல் உட்கார்ந்து தன் சட்டியிலிருந்து போட்டுக்கொண்ட கஞ்சியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவோரம் அவருடைய தகரப் பெட்டி கயிறு கட்டித் தயாராக நின்றது. நாகையா தன் அடுப்புக்குப் பக்கத்தில், கையில் அகப்பையோடு, அவியாத இடியப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இரவு தூங்காதவர் போலக் கண் சிவந்திருந்தது.

"அண்ணே, கடைசிச் சரிபார்ப்பு. பென்சில்ல ரெண்டு அடுப்புன்னு இருக்கு. மைல எழுதிறட்டுமா?"

அவர் என் சட்டையிலிருந்த வில்லையைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். தகரப் பெட்டியை மட்டும் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"ஒண்ணுன்னு மாத்துனா உறவு என்னன்னு கேட்டு எழுதணும். அதான் சொல்றேன்" என்றேன், கூடியவரை குரலைத் தாழ்த்தி.

"தெரியும் வாத்தியாரே."

அகப்பையைக் கீழே வைத்தார். தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, நகக்கண்ணில் இருந்த எண்ணெய் அழுக்குப் போகும்வரை, நிதானமாகக் கழுவினார். பிறகு கொல்லையைக் கடந்து எதிர் மூலைக்கு வந்து, வெறுந்தரையில் சபாபதிக்கு அருகில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். சபாபதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். நாகையா எதுவும் கேட்காமல் அவர் தட்டுக்குள் கையை விட்டு, அந்த எச்சில் கஞ்சியை ஒரு கவளம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்.

"உப்பு அள்ளிக் கொட்டிட்டேன் நாகு, தின்னாத" என்றார் சபாபதி. 

நாகையா என்னையும் என் வில்லையையும் நேராகப் பார்த்துக்கொண்டே, அதே தட்டிலிருந்து இரண்டாவது கவளத்தையும் அள்ளினார்.